அமெரிக்காவில் ரெப்போ வேலைக்கு லைசென்ஸ் எடுப்பது எப்படி: டோ டிரக் வாங்கும் முன் படியுங்கள்

டோ டிரக் வாங்கியாச்சு, தவணை கட்டாதவர்களின் காரைத் தூக்கும் வேலை எடுக்கலாம் என்று இருக்கிறேன், லைசென்ஸ் எங்கே வாங்குவது? இந்த வருடத்தில் மட்டும் மூன்று பேர் என்னிடம் இப்படிக் கேட்டுவிட்டார்கள். மூன்று பேருமே டிரக்கை முதலில் வாங்கிவிட்டு அப்புறம்தான் கேட்டார்கள். அதில் ஒருவர் மாதாமாதம் டிரக்குக்குத் தவணை கட்டிக்கொண்டு, வேலை எடுக்க வழியில்லாமல் இன்னும் நிற்கிறார். கலிபோர்னியாவில் ஒரு ரெப்போ நிறுவனத்தின் அலுவலகத்தில் ஏழு வருடம் காகித வேலை முழுவதையும் பார்த்தவன் நான். விண்ணப்பம், கைரேகை, போலீஸுக்குத் தகவல், காருக்குள் இருந்த சாமான்களின் பட்டியல் என்று எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். அதனால் எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன்.

நம் ஊரில் டியூ கட்டாத வண்டியை 'சீஸ்' பண்ணிவிட்டார்கள் என்போம். இங்கே அதற்கு ரெப்போ என்று பெயர். வேலை பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும், சட்டம்தான் வேறு, அதுவும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மத்திய அரசு கொடுக்கும் ரெப்போ லைசென்ஸ் என்று ஒன்று கிடையவே கிடையாது. அமெரிக்கா முழுக்கச் செல்லுபடியாகும் லைசென்ஸ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

லைசென்ஸுக்கும் முன்னால் இருக்கும் ஒரு விதி

எந்த மாநிலத்தில் நீங்கள் இருந்தாலும் இந்தத் தொழில் நிற்பது ஒரே ஒரு விதியின் மேல்தான். யூனிஃபார்ம் கமர்ஷியல் கோட் என்று ஒரு வணிகச் சட்டத் தொகுப்பு இருக்கிறது, அதில் 9-609 என்ற பிரிவு. கடன் வாங்கியவர் தவணை தவறினால், கடன் கொடுத்தவர் நீதிமன்றத்துக்குப் போகாமலேயே அடமானப் பொருளை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அமைதிக்குப் பங்கம் வராமல் எடுக்க வேண்டும். அவ்வளவுதான் அது சொல்வது. அமைதிக்குப் பங்கம் என்றால் என்ன என்று அந்தப் பிரிவே விளக்கவில்லை, அதை நீதிமன்றங்கள் ஒவ்வொரு வழக்காகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கின்றன. மாநிலங்கள் லைசென்ஸ், பயிற்சி, கைரேகை என்று வைத்திருப்பதெல்லாம் இந்த ஒரு நிபந்தனையைக் காப்பாற்றக்கூடிய ஆளா நீங்கள் என்று பார்ப்பதற்காகத்தான் என்பது என் கருத்து. இதைப் புரிந்துகொண்டால் மீதி விதிகள் எதுவும் மனப்பாடம் செய்ய வேண்டியவையாகத் தோன்றாது.

நடைமுறையில் இதன் பொருள்: தெருவில், வீட்டு முன் கார் நிறுத்தும் திறந்த டிரைவ்வேயில், கடை வாசலில் நிற்கும் காரை எடுக்கலாம். பூட்டிய கேட்டைத் திறக்கக் கூடாது, கராஜ் கதவைத் தொடக் கூடாது, மிரட்டக் கூடாது, கை வைக்கக் கூடாது. காரின் சொந்தக்காரர் வெளியே வந்து 'எடுக்காதே, போ' என்று சொன்னால் பெரும்பாலான மாநிலங்களில் நீங்கள் அங்கேயே நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டும். இன்னொரு நாள் திரும்பி வரலாம். இல்லையென்றால் கடன் கொடுத்த நிறுவனம் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கட்டும், அது அவர்கள் பாடு. பக்கத்தில் போலீஸ்காரரை நிற்க வைத்து எடுக்கலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். அது இன்னும் மோசம். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் உங்களுக்கு உதவியது என்றால் அது அரசே செய்த பறிமுதல் ஆகிவிடும், அரசியல் சாசன உரிமை மீறல் என்று உங்கள் மேலும் அந்தப் போலீஸ்காரர் மேலும் வழக்கு வரும்.

டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோவில் நடந்த ஒரு சம்பவத்தைப் புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் நான் சொல்வேன். இரண்டு பேர் ஒரு வீட்டின் டிரைவ்வேயில் காரைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்காரப் பெண் வெளியே வந்து போகச் சொல்கிறார். அவர்கள் கேட்கவில்லை. அவர் காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொள்கிறார். அவர்களோ அவரை உள்ளே வைத்துக்கொண்டே காரை வேகமாக இழுத்துக்கொண்டு போய், வேலி போட்டுக் காவல் நாயை அவிழ்த்து விட்டிருந்த, எடுத்த கார்களை நிறுத்தும் தங்கள் யார்டில் விட்டுவிடுகிறார்கள். கணவரும் போலீஸும் வந்து மீட்கும்வரை அந்தப் பெண் அங்கேதான். வங்கி நீதிமன்றத்தில் என்ன சொன்னது? நாங்கள் காண்ட்ராக்டரிடம் கொடுத்த வேலை, எங்களுக்குப் பொறுப்பில்லை. எம்பேங்க் எல் பாசோ வழக்கு என்று பெயர், 1992-ல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அமைதியைக் காக்கும் பொறுப்பை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு வங்கி தப்பிக்க முடியாது என்று தீர்ப்பு சொன்னது. டெக்சாஸ் ரெப்போ ஏஜென்ட்டுக்கென்று தனி மாநில லைசென்ஸ் வைக்காத மாநிலம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். லைசென்ஸ் கேட்காத மாநிலத்திலும் வங்கிகள் ஏன் உங்கள் இன்சூரன்ஸையும் பயிற்சிச் சான்றிதழையும் பின்னணியையும் துருவித் துருவிக் கேட்கின்றன என்பது அப்போது விளங்கும்.

உங்கள் மாநிலத்தில் யாரிடம் போக வேண்டும்

பெரும்பாலான மாநிலங்களில் இதற்கென்று தனி லைசென்ஸ் இல்லை. சாதாரண வணிகப் பதிவு, டோ டிரக் சம்பந்தப்பட்ட அனுமதிகள், இன்சூரன்ஸ், இவ்வளவோடு முடிந்துவிடும். லைசென்ஸ் கேட்கும் மாநிலங்களில்தான் குழப்பம், ஏனென்றால் எந்த அலுவலகம் கொடுக்கிறது என்பதை ஊகிக்கவே முடியாது. கலிபோர்னியாவில் செக்யூரிட்டி காவலர்களுக்கும் தனியார் துப்பறிவாளர்களுக்கும் லைசென்ஸ் கொடுக்கிற பணியகம், நுகர்வோர் விவகாரத் துறையின் கீழ் வருகிறது, சுருக்கமாக பி.எஸ்.ஐ.எஸ் என்பார்கள். ஃபுளோரிடாவில் வேளாண்மை மற்றும் நுகர்வோர் சேவைத் துறை. வேளாண்மைக்கும் ரெப்போவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், லைசென்ஸ் பிரிவு அந்தத் துறையில் இருக்கிறது. இல்லினாய்ஸில் வணிக ஆணையம், லூசியானாவில் நிதி நிறுவனங்களுக்கான அலுவலகம், நெவாடாவில் தனியார் துப்பறிவாளர் லைசென்ஸ் வாரியம். வேறு சில மாநிலங்களில் கடன் வசூல் நிறுவனங்களுக்கான சட்டத்துக்குள்ளேயே ரெப்போவும் அடங்கிவிடும். ஆகவே மாநிலத்தின் பெயரைப் போட்டு 'ரெப்போ லைசென்ஸ்' என்று தேடி எதுவும் வரவில்லை என்பதை வைத்துத் தேவையில்லை என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அந்த மாநிலத்துச் சட்டத் தொகுப்பில் 'அடமானப் பொருள் மீட்பு' என்ற பெயரிலோ வசூல் நிறுவனச் சட்டத்திலோ இருக்கும்.

இரண்டு மாநிலங்களின் எல்லையில் வேலை செய்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கார் எங்கே நிற்கிறதோ அந்த மாநிலத்துச் சட்டம்தான் முதலில் பார்க்க வேண்டியது. நெவாடாவின் ரீனோவில் அலுவலகம் வைத்துக்கொண்டு இரவோடு இரவாக சேக்ரமென்டோ பக்கம் வந்து ஒரு காரைத் தூக்கிப் போனால் கலிபோர்னியாவில் லைசென்ஸ் இல்லாமல் தொழில் செய்தவர் ஆகிவிடுவீர்கள். இதோடு, மாநிலம் தாண்டி ஓடும் டிரக்கின் எடை 10,001 பவுண்டு அல்லது அதற்கு மேல் என்றால் மத்திய போக்குவரத்துத் துறையின் எண் வேறு எடுக்க வேண்டும். டோ டிரக்குகள் பலவும் இந்த எடையைத் தாண்டிவிடும்.

கலிபோர்னியா: படிப்படியாக

எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் இதுதான், அதனால் இதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். இங்கே இருக்கும் சட்டத்தின் பெயர் கொலாட்டரல் ரிக்கவரி ஆக்ட், வணிகம் மற்றும் தொழில் சட்டத் தொகுப்பில் 7500-ஆம் பிரிவிலிருந்து தொடங்குகிறது. ஒரு மாலை உட்கார்ந்து முழுவதையும் படித்துவிடலாம், படியுங்கள்.

இதில் மூன்று அடுக்கு உண்டு. நிறுவனத்துக்கு ஏஜென்சி லைசென்ஸ். அதைப் பொறுப்பேற்று நடத்துகிற ஒருவருக்குத் தகுதிபெற்ற மேலாளர் சான்றிதழ். களத்தில் கார் எடுக்கிற ஊழியருக்குப் பதிவு. புதிதாக வருகிற ஒருவர் கீழிருந்துதான் ஏற வேண்டும், அதாவது ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருக்கும் ஏஜென்சியில் ஊழியராகச் சேர்ந்து பதிவு எடுப்பதுதான் முதல் படி. வயது 18 ஆகியிருக்க வேண்டும். விண்ணப்பத்தோடு லைவ் ஸ்கேன் என்ற கைரேகைப் பதிவு, அது மாநில நீதித்துறைக்கும் எஃப்.பி.ஐ-க்கும் போய்வரும். லைவ் ஸ்கேன் படிவத்தில் எந்தப் பணியகத்துக்கு, எந்த வகை லைசென்ஸுக்கு என்ற விவரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறு வேலைக்காகக் கொடுத்த பழைய கைரேகை இதற்குச் செல்லாது. என் மேசையில் தாமதமான விண்ணப்பங்களில் பாதி இந்த ஒரு படிவத்தால் தாமதமானவைதான். பழைய வழக்கு ஏதாவது இருந்தால் பயந்து ஒதுங்க வேண்டாம், அந்தக் குற்றத்துக்கும் இந்த வேலைக்கும் எவ்வளவு சம்பந்தம், அதற்குப் பிறகு எப்படி இருந்திருக்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். நீதிமன்ற ஆவணங்களைக் கையில் தயாராக வைத்திருங்கள்.

அடுத்தது மேலாளர் சான்றிதழ், எல்லோரும் தடுக்கி விழும் இடம். விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய ஐந்து வருடங்களுக்குள் இரண்டு வருட அனுபவம் வேண்டும், அந்த இரண்டு வருடம் என்பது குறைந்தது 4,000 மணி நேரம், சம்பளம் வாங்கிச் செய்த வேலை. வாரம் 40 மணி நேரம் என்று வைத்தாலும் 100 வாரம் ஆகிறது. அனுபவம் சட்டப்படியானதாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஒரு தம்பி என்னிடம் வந்தான், மூன்று வருடம் ராத்திரி ராத்திரியாக வேலை செய்திருக்கிறான், அவன் முதலாளி அவனைப் பதிவு செய்யவே இல்லை, சம்பளமும் கையில் பணமாக. மூன்று வருடமும் போச்சு. கணக்கில் ஒரு மணி நேரம்கூட ஏறவில்லை, கேட்டால் பதிவில்லாமல் வேலை செய்ததற்கு அவனே பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவன் முகத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. ஆகவே சேர்ந்த முதல் நாளிலேயே பதிவு விண்ணப்பம் போய்விட்டதா என்று கேளுங்கள், சம்பள ரசீதுகளையும் வருடம் முடிந்ததும் வரும் டபிள்யூ-2 என்ற சம்பள, வரி விவரப் படிவத்தையும் பத்திரப்படுத்துங்கள், எத்தனை மணி நேரம் என்று நீங்களே ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அனுபவம் சேர்ந்ததும் பணியகம் நடத்தும் தேர்வு. அந்தச் சட்டத்தையும் அதோடு ஒட்டிய சட்டங்களையும் படித்தவர்களுக்குப் பயமில்லை.

சரி, சொந்தமாக ஏஜென்சி தொடங்க நீங்களே மேலாளராக இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. சான்றிதழ் வைத்திருக்கும் ஒருவரை வேலைக்கு வைக்கலாம். ஆனால் அவர் நிஜமாகவே நிறுவனத்தை நடத்துபவராக இருக்க வேண்டும். மாதம் இவ்வளவு என்று பேசி, சான்றிதழை மட்டும் வாடகைக்கு விட்டுவிட்டு வேறு ஊரில் இருக்கிற ஆட்கள் உண்டு. அந்த ஏற்பாட்டில் ஏதாவது தவறு நடந்தால் இரண்டு பேர் லைசென்ஸும் போகும். அவர் வேலையை விட்டுப் போனால் பணியகத்துக்கு உடனே தெரிவித்து மாற்று ஆளைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் ஏஜென்சி லைசென்ஸ் நிற்காது. கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்வது நல்லது என்பேன்.

கட்டணங்கள் அவ்வப்போது மாறுவதால் தொகை எழுதவில்லை, விண்ணப்பம் போடும் நாளில் பணியகத்தின் தளத்தில் இருப்பதே சரி. பழைய படிவத்தில் பழைய கட்டணத்துக்குக் காசோலை வைத்தால் மொத்தக் கட்டும் திரும்பி வரும்.

ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. கடன் கொடுத்த நிறுவனம் தன்னுடைய சொந்த ஊழியரை, அதாவது அங்கே மட்டும் முறையாக வேலை செய்கிறவரை, அனுப்பித் தன் காரை எடுத்தால் ஏஜென்சி லைசென்ஸ் தேவையில்லை. சிலர் இதை வைத்துக்கொண்டு, கார் டீலர் எனக்கு ஒரு அட்டை கொடுத்திருக்கிறார், நானும் அவர் ஊழியர்தான் என்கிறார்கள். நான்கு டீலர்களிடம் நான்கு அட்டை வைத்திருப்பவர் யாருக்கும் ஊழியர் இல்லை.

லைசென்ஸ் வந்த பிறகு: ஒரு மணி நேரம், 48 மணி நேரம், 60 நாள்

லைசென்ஸ் வாங்குவதைவிட அதை வைத்துக்கொள்வது கடினம். கலிபோர்னியாவில் இந்த மூன்று கெடுவையும் எங்கள் அலுவலகச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தோம்.

கார் கைக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் அந்த ஊர்ப் போலீஸுக்கு, நகரத்துக்கு வெளியே என்றால் ஷெரிஃப் அலுவலகத்துக்கு, தகவல் சொல்ல வேண்டும். வாகனச் சட்டத்தில் 28-ஆம் பிரிவு, தவறினால் 300 முதல் 500 டாலர் வரை அபராதம். காரணம் எளிது. காலையில் எழுந்து பார்க்கிறவருக்குக் கார் திருடு போனதா, ரெப்போ ஆனதா என்று தெரியாது, அவர் திருட்டுப் புகார் கொடுத்துவிட்டால் நெடுஞ்சாலையில் உங்கள் டிரைவர் துப்பாக்கி முனையில் நிறுத்தப்படுவார். தொலைபேசியில் சொன்ன நேரத்தையும் எதிர்முனையில் பேசியவரின் அடையாள எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். வேலைநாள் ஒன்றுக்குள் எழுத்திலும் அனுப்ப வேண்டும்.

கார் எந்த நொடியில் 'எடுக்கப்பட்டது' ஆகிறது என்பதையும் இங்கே சட்டமே சொல்லிவிடுகிறது: ஏஜென்ட் காருக்குள் ஏறிவிட்டால், அல்லது கார் டோ டிரக்கோடு இணைக்கப்பட்டுவிட்டால், அல்லது வேறு வகையில் அவர் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டால். கொக்கி மாட்டும் முன் எதிர்ப்பு வந்தால் விலகு, மாட்டிய பிறகு வந்தாலும் சண்டை போடாதே, இப்படித்தான் எங்கள் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம். சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் ஒரு காருக்காக யாரும் அடிபட வேண்டாம். ஏதாவது கைகலப்பு நடந்து போலீஸ் புகாரோ காயமோ ஆகிவிட்டால் ஏழு நாளைக்குள் பணியகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் அதுவே தனிக் குற்றம். பூட்டிய, வேலி போட்ட இடத்துக்குள் அனுமதியில்லாமல் போவதும் லைசென்ஸைப் பறிக்கும் காரணங்களில் ஒன்று. கடன் கொடுத்த நிறுவனத்தின் உத்தரவு இல்லாமல் காரைத் தொடுவதும் அப்படித்தான். ஃபோனில் 'எடுத்துடுங்க, பேப்பர் அனுப்புறேன்' என்றால் பேப்பர் வரட்டும் என்று சொல்லுங்கள்.

அடுத்தது காருக்குள் இருக்கும் சாமான்கள். எனக்கு இந்த வேலையிலேயே மிக முக்கியமாகப் பட்டது இதுதான். கார் வங்கியுடையதாக இருக்கலாம், உள்ளே இருப்பது எதுவும் வங்கியுடையது இல்லை. ஒவ்வொரு பொருளையும் எடுத்து, எழுதி, பெயர் ஒட்டிய பையிலோ பெட்டியிலோ வைத்து, குறைந்தது 60 நாள் பாதுகாக்க வேண்டும். கார் எடுத்த 48 மணி நேரத்துக்குள் கடன் வாங்கியவருக்குப் பறிமுதல் அறிவிப்பும் இந்தப் பட்டியலும் போக வேண்டும், நடுவில் சனி, ஞாயிறு, தபால் விடுமுறை வந்தால் 72 மணி நேரம். 'இதர பொருட்கள்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிற ஏஜென்சிகளைப் பார்த்திருக்கிறேன், அது பட்டியலே இல்லை. நான் எழுதிய ஒரு பட்டியல் இன்னும் நினைவிருக்கிறது: குழந்தை இருக்கை ஒன்று, நீல நிறம், வலது பக்கப் பட்டையில் கிழிசல். பால் பாட்டில் இரண்டு. மூக்குக் கண்ணாடி, உறையுடன். ஆஸ்துமா இன்ஹேலர் ஒன்று. நர்ஸ் சீருடை, மடித்தது. இன்ஹேலரைப் பார்த்ததும் தபாலுக்குக் காத்திருக்காமல் அந்த அம்மாவை ஃபோனில் கூப்பிட்டோம், அவர் ஒரு மணி நேரத்தில் பேருந்தில் வந்து எடுத்துப் போனார். சட்டம் 48 மணி நேரம் கொடுக்கிறதுதான், குழந்தைக்கு மூச்சுத் திணறினால் 48 மணி நேரம் ஆகாது. துப்பாக்கியோ போதைப்பொருளோ இருந்தால் அதை நீங்கள் வைத்திருக்கக் கூடாது, போலீஸிடம் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

ஃபுளோரிடா எப்படி வேறுபடுகிறது

அங்கே எழுத்துகளில் பேசுவார்கள். ஏஜென்சிக்கு 'ஆர்' வகை, முழு ஏஜென்ட்டுக்கு 'இ', பயிற்சியாளருக்கு 'இஇ'. எல்லாம் மாநிலச் சட்டம் 493-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. கலிபோர்னியாவிலிருந்து பெரிய வித்தியாசம் வகுப்புதான்: பயிற்சியாளராகச் சேரவே, துறையின் லைசென்ஸ் பெற்ற பள்ளியில் குறைந்தது 40 மணி நேரம் படித்திருக்க வேண்டும். அப்புறம் லைசென்ஸ் உள்ள ஒருவரின் மேற்பார்வையில் ஒரு வருடம் முழுநேர வேலை செய்தால் 'இ' வகைக்கு விண்ணப்பிக்கலாம். பள்ளிக்குப் பணம் கட்டும் முன் அந்தப் பள்ளிக்கே லைசென்ஸ் இருக்கிறதா என்று துறையின் தளத்தில் சரிபாருங்கள்.

போலீஸுக்குச் சொல்ல அங்கே இரண்டு மணி நேரம். உடைமைகளை, அறிவிப்பு கொடுத்த நாளிலிருந்து 45 நாள் வைத்திருக்க வேண்டும். இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்த விதி: தனியார் இடத்தில் ரெப்போ வேலை செய்யும்போது ஆயுதம் வைத்திருக்கவே கூடாது, மறைத்து எடுத்துச் செல்லும் அனுமதி இருந்தாலும் சரி. துப்பாக்கி சாதாரணமாகப் புழங்கும் மாநிலத்தில் இப்படி ஒரு விதி இருப்பது எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கும் என்று நம்புகிறேன்.

இல்லினாய்ஸிலும் கலிபோர்னியா போலவே நிறுவனம், மேலாளர், ஊழியர் என்று மூன்று அடுக்கு, 2012 முதல் நடைமுறையில் இருக்கும் தனிச் சட்டம். லூசியானாவில் ஏஜென்ட்டுக்குத் தேர்வு உண்டு.

மாநில லைசென்ஸ் போதாது

லைசென்ஸ் வந்ததும் வேலை வந்து குவியாது. வங்கிகளும் கடன் நிறுவனங்களும் தனியாக ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள்: டிரக்கில் ஏற்றிய காருக்கான இன்சூரன்ஸ், யார்டில் நிற்கும் காருக்கான இன்சூரன்ஸ், தவறான காரை எடுத்துவிட்டால் ஈடு செய்யும் இன்சூரன்ஸ், ஊழியர் ஒவ்வொருவருக்கும் பின்னணிச் சோதனை, யார்டில் வேலியும் கேமராவும். பயிற்சிச் சான்றிதழில், ரெப்போ தொழிலுக்குப் பயிற்சி கொடுக்கும் ஆர்.ஐ.எஸ்.சி நிறுவனத்தின் 'கார்ஸ்' என்ற படிப்பைப் பலரும் கேட்கிறார்கள். 1965-ல் தொடங்கிய அமெரிக்கன் ரிக்கவரி அசோசியேஷன் மாதிரி சங்கங்களில் உறுப்பினராக இருப்பதும் உதவும். இன்சூரன்ஸ் விலையை முதலில் கேளுங்கள், டிரக் விலையை அப்புறம். புதிய நிறுவனத்துக்கு அந்தப் பிரீமியம்தான் கழுத்தை நெரிக்கும்.

மத்திய அரசு லைசென்ஸ் கொடுப்பதில்லையே தவிர, மத்தியச் சட்டங்கள் உங்களை விடாது. கடன் வசூல் நடைமுறைச் சட்டத்தில் ஒரு பிரிவு நேராக ரெப்போ ஏஜென்ட்டுகளுக்கானது: எடுக்கும் உரிமை அந்த நேரத்தில் இல்லாத காரை எடுத்தாலோ எடுப்பேன் என்று மிரட்டினாலோ சட்ட மீறல். 'உரிமை இல்லாத' என்பது எப்போது வரும்? கடன் வாங்கியவர் திவால் மனு போட்டுவிட்டால் அந்த நொடியிலிருந்து எல்லாப் பறிமுதலும் நிற்க வேண்டும். ராணுவத்தில் இருப்பவர், பணியில் சேரும் முன்னால் கார் வாங்கி ஒரு தவணையாவது கட்டியிருந்தால், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் எடுக்க முடியாது. நேற்று இரவே பாக்கியைக் கட்டி வங்கியோடு பேசி முடித்திருந்தாலும் அப்படித்தான். 2022 பிப்ரவரியில் நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் இந்தத் தவறான பறிமுதல்களைப் பற்றிக் கடன் நிறுவனங்களுக்குத் தனி எச்சரிக்கையே விட்டது. அதனால் கொக்கி மாட்டும் முன், உத்தரவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். மூன்று நாள் பழைய உத்தரவை நம்பி அதிகாலை நான்கு மணிக்குப் போகாதீர்கள்.

உங்கள் காரையே எடுத்துவிட்டார்கள் என்றால்

ஏஜென்சி தொடங்குகிறவர்களுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் இதைத் தேடி வருகிறவர்களில் காரை இழந்தவர்களும் இருப்பார்கள். கலிபோர்னியாவில் என்றால் முதலில் போலீஸின் அவசரமில்லாத எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள், ரெப்போ என்றால் அவர்களிடம் பதிவு இருக்கும், எந்த ஏஜென்சி என்றும் சொல்வார்கள். அந்தப் பெயரை நுகர்வோர் விவகாரத் துறையின் லைசென்ஸ் தேடும் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். லைசென்ஸ் இல்லை அல்லது காலாவதி என்று வந்தால் அந்தத் திரையை அப்படியே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பி.எஸ்.ஐ.எஸ்-ல் புகார் கொடுக்கவும் வக்கீலிடம் காட்டவும் அதுதான் முதல் ஆதாரம். கடன் நிறுவனம் காரை விற்கும் முன் உங்களுக்குக் குறைந்தது 15 நாள் அவகாசத்தோடு எழுத்தில் அறிவிப்பு தர வேண்டும், எவ்வளவு கட்டினால் கார் திரும்பும் என்பது அதில் இருக்கும், அந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் வைக்காதீர்கள். காரைத் திரும்ப எடுக்கும்போது போலீஸுக்கு 15 டாலர் கட்டி ரசீது வாங்கி வரச் சொல்வார்கள், அது சட்டப்படியானதுதான்.

யார்டுக்குப் போகும்போது காருக்குள் என்னென்ன இருந்தது என்று நீங்களே நினைவிலிருந்து ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு போங்கள். அவர்கள் அனுப்பிய பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, குறைவது எது என்று அவர்கள் படிவத்திலேயே எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.